எஞ்சினைத் திறப்பதற்கு முன் ஆயிலைப் பாட்டிலில் பிடியுங்கள்

கேள்வி:

கரூரில் ஜவுளி ஏற்றுமதி யூனிட் ஒன்றில் சூப்பர்வைசராக இருக்கிறேன். 2023 மார்ச்சில் 13.4 லட்சம் கொடுத்து டர்போ பெட்ரோல் கார் ஒன்று வாங்கினேன். வாரன்டி 3 வருடம் அல்லது 1 லட்சம் கி.மீ. இந்த 2025 ஜூலை கடைசியில் ஒரு நாள் இரவு, திருச்சியிலிருந்து திரும்பும்போது குளித்தலை பக்கத்தில் சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தது. அப்பாவும் அம்மாவும் வண்டியில் இருந்தார்கள். இருட்டில் நிறுத்தப் பயந்து, வெளிச்சமாக ஒரு பெட்ரோல் பங்க் வரும்வரை 4 கி.மீ. போல ஓட்டிவிட்டேன். அதற்குள் 'டக் டக்' என்று சத்தம் வந்துவிட்டது. டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தேன், ஆயில் இருந்தது, போட்டோவும் எடுத்தேன். டோ செய்து திருச்சி டீலரிடம் விட்டேன். அப்போது வண்டி ஓடியிருந்தது 38,400 கி.மீ.

ஆறு நாள் கழித்து சர்வீஸ் அட்வைசர் போன் செய்தார். "ஆயில் மூடியைத் திறந்து பார்த்தோம் சார், உள்ளே ஆயில் கட்டிப்போயிருக்கு. நீங்க கடைசி சர்வீஸை 1,900 கி.மீ. லேட்டா விட்டிருக்கீங்க. வெளியில லைட் வேற மாத்தியிருக்கீங்க. வாரன்டி வராது" என்றார். எஸ்டிமேட் 1,86,000 ரூபாய். எஞ்சினை முழுதாகப் பிரிக்கக் கையெழுத்துக் கேட்கிறார்கள். இல்லாவிட்டால் வண்டியை எடுத்துக்கொண்டு போங்கள், ஒரு நாளைக்கு 500 ரூபாய் பார்க்கிங் என்கிறார்கள். 24 நாள் ஆகிவிட்டது. மாதம் 21,400 இ.எம்.ஐ. போகிறது. அப்பாவைக் கண் சிகிச்சைக்குக் கோவைக்கு வாடகைக் காரில் கூட்டிப்போய் வருகிறேன். என் மேல் எவ்வளவு தப்பு? பணத்தைக் கட்டிவிடுவதா, கேஸ் போடுவதா? சர்வீஸ் பில்கள் எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கரூர்

பதில்:

அன்புள்ள நண்பருக்கு, வணக்கம்.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தக் கையெழுத்தைப் போடாதீர்கள். வண்டியை வெளியே எடுக்கவும் வேண்டாம். எஞ்சின் இன்னும் பிரிக்கப்படவில்லை என்றால் உங்கள் கை இன்னும் ஓங்கித்தான் இருக்கிறது. பழுது எதனால் வந்தது என்பதற்கான சாட்சி முழுவதும் அந்த எஞ்சினுக்குள் இருக்கிறது. நீங்கள் பக்கத்தில் இல்லாதபோது சம்ப்பை, அதாவது எஞ்சினின் அடியில் ஆயில் நிற்கும் தட்டைக் கழற்றி, ஆயிலை வடித்துப் பழைய டிரம்மில் ஊற்றிவிட்டால் அந்தச் சாட்சி போய்விடும். பிறகு எந்த வக்கீல் வந்தாலும் உங்கள் சொல்லும் அவர்கள் சொல்லும் மட்டும்தான் மிஞ்சும்.

நான் ஆட்டோமொபைல் இன்ஜினியர். இப்போது விபத்து வாகனங்களுக்கு சர்வேயராக இருக்கிறேன். அதற்கு முன் 9 வருடம் ஒரு டீலர் ஒர்க்‌ஷாப்பில் வாரன்டி பிரிவில் இருந்தேன். 'வாரன்டி வராது' என்று உங்களிடம் போனில் சொன்னாரே, அந்த மேஜையில் உட்கார்ந்து நானும் அதையே பலரிடம் சொல்லியிருக்கிறேன். அதனால் அந்தச் சொல் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும்.

வாரன்டியில் வேலை செய்தால் டீலருக்குப் பாகத்தின் விலையையும் கூலியையும் கம்பெனி கொடுக்கும். ஆனால் பிறகு ஆடிட் வரும். பழைய பாகம் எங்கே, போட்டோ எங்கே, சர்வீஸ் வரலாறு சரியா என்று பார்ப்பார்கள். ஒரு தாள் குறைந்தாலும் கொடுத்த பணத்தை டீலர் கணக்கிலிருந்து திரும்பப் பிடித்துவிடுவார்கள். சின்ன பாகம் என்றால் பரவாயில்லை. எஞ்சின் என்றால் லட்சக் கணக்கு. ஆகவே சர்வீஸ் தேதி கொஞ்சம் தள்ளியிருக்கிற வண்டி வந்தால், கம்பெனிக்கு அனுப்பிக் கேட்பதற்கு முன்பே முன்மேஜையிலேயே மறுத்துவிடுவது டீலருக்குப் பாதுகாப்பு. உங்களுக்கு 'வராது' என்று சொன்ன சர்வீஸ் அட்வைசருக்கு 'வரும்' என்று சொல்ல அதிகாரமே கிடையாது. எஞ்சின் மாதிரிப் பெரிய கிளெய்மை முடிவு செய்வது கம்பெனியின் ஏரியா சர்வீஸ் மேனேஜரும் அவருக்கு மேலே இருப்பவர்களும். உங்கள் கிளெய்ம் அவர்கள் பார்வைக்குப் போனதா என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. போகவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எஞ்சினைப் பிரிக்காமல், பாகத்தைப் பார்க்காமல், மூடி வழியாக மட்டும் எட்டிப் பார்த்து ஒரு கம்பெனி இன்ஜினியர் முடிவெழுத மாட்டார்.

ஒரு பள்ளி வேன் டிரைவருடைய கிளெய்மை ஒருமுறை நான் இப்படித் திருப்பி அனுப்பினேன். சர்வீஸ் புத்தகத்தில் ஒரு முத்திரை இல்லை, அவ்வளவுதான். அந்த சர்வீஸை எங்கள் ஒர்க்‌ஷாப்பிலேயே செய்திருந்தோம். கம்ப்யூட்டரில் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை. அவர் மனைவியின் நகையை அடகு வைத்துப் பணம் கட்டினார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அந்தப் பாரம் இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது. உங்கள் பில்களை நான் மூன்று முறை படித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

படித்ததில் கிடைத்ததைச் சொல்கிறேன். 1,000 கி.மீ. சோதனை, பிறகு 9,900, 20,100, 32,000 கி.மீ.யில் சர்வீஸ். நான்கும் அதே டீலரிடம். தாமதமானது கடைசி சர்வீஸ் மட்டும்: 30,100இல் வந்திருக்க வேண்டியது 32,000இல் வந்திருக்கிறது. எஞ்சின் பழுதானது 38,400இல். அதாவது, சிவப்பு விளக்கு எரிந்த அன்று உங்கள் எஞ்சினில் இருந்த ஆயில் 6,400 கி.மீ. மட்டுமே ஓடியது. 10,000 கி.மீ. கணக்கில் பார்த்தால் இன்னும் கெடு இருக்கிறது. அந்த ஆயிலை ஊற்றியதும் அவர்கள்தான். தாமதமான சர்வீஸின்போது ஆயில் கட்டிப்போய் எஞ்சின் கெடும் நிலையில் இருந்திருந்தால் பழைய ஆயிலை வடித்த மெக்கானிக் கண்ணுக்கு அது தப்பியிருக்காது. அன்று எழுதிய ஜாப் கார்டில், அதாவது வேலைத் தாளில், அப்படி ஒரு வரிகூட இல்லை. 'அனைத்தும் சரி' என்றுதான் டிக் போட்டிருக்கிறார்கள். தாமதத்தைத் தெரிந்துகொண்டே வண்டியை எடுத்து, சர்வீஸ் செய்து, பணம் வாங்கி, சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டு, ஆறு மாதம் கழித்து அதே தாமதத்தைக் காட்டி மறுப்பது நியாயமே இல்லை.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. 20,100 கி.மீ. பில்லை எடுத்து வைத்துக்கொண்டு மற்ற இரண்டு பில்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 9,900இலும் 32,000இலும் எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், டிரெய்ன் பிளக் (ஆயிலை வடிக்கும் திருகு) வாஷர் என்று மூன்று வரிகள் இருக்கின்றன. 20,100 பில்லில் ஆயில் இருக்கிறது, வாஷர் இருக்கிறது. ஃபில்டர் இல்லை. பேக்கேஜில் சேர்த்துத் தனி வரி போடாமல் விட்டிருக்கலாம். அப்படியானால் ஸ்டோரில் அன்று உங்கள் ஜாப் கார்டு எண்ணுக்கு ஃபில்டர் எடுத்த பதிவு இருக்கும். அது இருந்தால் இந்த வாதத்தை விட்டுவிடுவோம். இல்லையென்றால், 9,900இல் போட்ட ஃபில்டர் 32,000 வரை, 22,100 கி.மீ. உங்கள் எஞ்சினில் இருந்திருக்கிறது.

ஃபில்டர் அடைத்தால் என்ன ஆகும்? எஞ்சினுக்கு ஆயிலே போகாமல் நின்றுவிடக் கூடாது என்பதற்காக அதில் ஒரு பைபாஸ் வால்வு வைத்திருப்பார்கள். அடைப்பு கூடினால் அது திறந்து வடிகட்டாத ஆயிலை அப்படியே உள்ளே விடும். அழுக்கும் நுண்ணிய உலோகத் துகளும் சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்குக்கு நேராகப் போகும். விளக்கு எரியாது, சத்தம் வராது. தேய்மானம் மட்டும் உள்ளே நடந்துகொண்டிருக்கும்.

எஞ்சினின் முக்கியச் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்ட் பேரிங்கின் மேல் நேராக உட்கார்ந்து சுற்றுவதில்லை. நடுவில் முடியிழையைவிட மெல்லிய ஆயில் படலம் ஒன்று இருக்கிறது, அதன் மேல் மிதக்கிறது. படலம் அறுந்தால் இரும்பும் பேரிங்கும் உரசும். பேரிங்கின் மேல்பூச்சு மிருதுவான உலோகம். முதலில் அது வழித்துக்கொண்டு போகும். இடைவெளி கூடும், ஆயில் அழுத்தம் இறங்கும், விளக்கு எரியும், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராட் தட்ட ஆரம்பிக்கும். நீங்கள் கேட்ட 'டக் டக்' அதுதான். மெக்கானிக்குகள் ராட் சவுண்டு என்பார்கள்.

எதனால் படலம் அறுந்தது என்பதைப் பேரிங்கே சொல்லும். எல்லா ராட் பேரிங்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி தேய்ந்து, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் உட்காரும் இடங்களிலும் கீறல் இருந்தால் எஞ்சின் முழுவதற்குமே நல்ல ஆயில் கிடைக்கவில்லை என்று பொருள். ஒரே ஒரு பேரிங் மட்டும் உருகி மற்றவை பளபளவென்று இருந்தால் கோளாறு அந்த இடத்தோடு சேர்ந்தது: கிராங்கில் இருக்கும் ஆயில் துளையில் அடைப்பு, பொருத்தும்போது இடைவெளித் தவறு, பேரிங்கிலேயே குறை. அது உற்பத்திக் குறைபாடு, வாரன்டிக்கென்றே பிறந்த பழுது. சம்ப்பின் அடியில் ஆயிலை உறிஞ்சும் ஸ்ட்ரெய்னர் வலையையும் பாருங்கள். கறுப்பாகத் தார் மாதிரி அடைத்திருந்தால் பழைய ஆயில் முற்றிக் கெட்டிருக்கிறது. ரப்பர் நூல் மாதிரி சிலிகான் சீலன்ட் துணுக்குகள் சிக்கியிருந்தால், யாரோ பேஸ்ட்டை அளவுக்கு மேல் போட்டு மூடியிருக்கிறார்கள். அது நீங்கள் செய்த வேலை இல்லை.

ஆயில் மூடியில் பார்த்ததாகச் சொல்கிறார்களே, அதன் நிறத்தைக் கேளுங்கள். வெண்மையாக, மோர் திரிந்தது மாதிரி இருந்தால் அது பெரும்பாலும் ஈரம் ஆயிலோடு கலந்தது. வீட்டிலிருந்து யூனிட்டுக்கு நாலைந்து கி.மீ. ஓட்டி நிறுத்துகிற வண்டியில் எஞ்சின் முழுச் சூடு ஏறாது, நீராவி மூடியில் படியும். அதைக் காட்டி 'ஆயில் கட்டிப்போச்சு' என்று சொல்வது தவறு. அது அதிகமாக இருந்தால் கூலன்ட் உள்ளே கசிகிறதா என்று பார்க்க வேண்டும், அதுவும் வாரன்டி விஷயம்தான்.

ஆகவே எஞ்சினைப் பிரிக்கத்தான் வேண்டும். உங்கள் கண் முன்னால், கம்பெனி ஆள் இருக்கும்போது பிரிக்க வேண்டும். டிரெய்ன் பிளக்கைத் திறந்ததும் முதலில் வருவதைக் கொஞ்சம் விட்டு, நடுவில் ஓடும் ஆயிலைச் சுத்தமான மூன்று பாட்டில்களில் ஒவ்வொன்றிலும் 200 மி.லி. அளவுக்குப் பிடியுங்கள். மூடியின் மேல் பேப்பர் ஒட்டி, ஜாப் கார்டு எண், தேதி, கி.மீ. எழுதி, நீங்களும் அவர்களும் கையெழுத்திடுங்கள். ஒன்று அவர்களுக்கு, ஒன்று உங்களுக்கு, மூன்றாவது யாரும் தொடாமல் சீலோடு இருக்கட்டும். உங்கள் பாட்டிலை, ஆய்வகங்களுக்குத் தரச்சான்று தரும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல். அங்கீகாரம் உள்ள ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். பிசுபிசுப்பு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, பெட்ரோல் கலந்திருக்கிறதா, தண்ணீர் இருக்கிறதா, என்னென்ன உலோகம் எவ்வளவு என்று அறிக்கை வரும். எதிர்த்தரப்பு என்ன வாதாடினாலும் அந்தத் தாள் பேசும்.

இப்போது இருக்கும் ஃபில்டரையும் விட்டுவிடாதீர்கள். அதன் உடம்பில் தயாரிப்பு பேட்ச் எண் அச்சிட்டிருந்தால் போட்டோ எடுங்கள். பிறகு அறுத்து, உள்ளே மடித்திருக்கும் தாளை விரித்துப் பார்த்தால் மினுமினுப்பு தெரியும். காந்தத்தில் ஒட்டாத மினுமினுப்பு பெரும்பாலும் பேரிங் பூச்சு. போன் வீடியோ ஓடிக்கொண்டே இருக்கட்டும். கழற்றிய ஒவ்வொரு பேரிங்கையும் எந்த சிலிண்டருடையது என்று எழுதி வரிசையாக வைத்துப் படமெடுங்கள். வரிசை கலைந்தால் மேலே சொன்ன ஒப்பீடு எதுவும் செய்ய முடியாது.

உங்கள் தவறு பற்றிக் கேட்டீர்கள். 1,900 கி.மீ. தாமதம் நல்ல பழக்கம் இல்லை, அதுவும் டர்போ வண்டியில். ஆனால் அந்தத் தாமதம் மட்டும் ஒரு எஞ்சினைக் கொல்லாது. அவர்கள் கொல்லும் என்று சொன்னால் எப்படி என்று காட்ட வேண்டியது அவர்கள் பொறுப்பு. வாரன்டி புத்தகத்தை எடுத்துப் படியுங்கள். முறையான பராமரிப்பு இல்லாததால் ஏற்படும் பழுதுக்கு வாரன்டி கிடையாது என்ற பொருளில்தான் எழுதியிருப்பார்கள். அந்த 'இல்லாததால்' முக்கியம். தாமதமும் இருக்கிறது, பழுதும் இருக்கிறது என்றால் போதாது. இதனால் அது என்று இணைக்கும் சங்கிலி வேண்டும்.

உண்மையிலேயே என்னைக் கவலைப்படுத்துவது அந்த 4 கி.மீ. சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் 'பார்த்துக்கொள்ளலாம்' என்பதற்கு இடமே இல்லை, அந்த இடத்திலேயே எஞ்சினை அணைக்க வேண்டும். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. வயதான பெற்றோரை வைத்துக்கொண்டு இருட்டில் நான் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. ஆனாலும் அந்த 4 கி.மீ. சேதத்தைப் பெரிதாக்கியிருக்கும். கம்பெனி இதைப் பிடித்துக்கொள்ளும். இதை எந்தக் கட்டத்திலும் மறைக்காதீர்கள். எஞ்சினின் கம்ப்யூட்டரில் பதிவு இருக்கலாம். பின்னால் அது வெளியே வந்தால் நீங்கள் சொன்ன மற்ற உண்மைகளும் அடிபடும். 'விளக்கு எரிந்தபோதே அழுத்தம் போய்விட்டது. டிப்ஸ்டிக்கில் ஆயில் இருந்தும் அழுத்தம் ஏன் போனது?' என்று கேளுங்கள். அந்த டிப்ஸ்டிக் போட்டோவை அழித்துவிடாதீர்கள். போனில் அதன் தேதியும் நேரமும் இருக்கும். வேறு ஒரு இடத்திலும் நகல் வையுங்கள்.

லைட் விஷயத்துக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். ஹெட்லைட்டுக்கு வயரை வெட்டி ஒட்டியிருந்தால் வயரிங்குக்கும் விளக்குக்கும் வாரன்டி போகலாம். ராட் பேரிங்குக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. 2014 ஆகஸ்ட்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு எதிராகக் கொடுத்த உத்தரவில் இதையொட்டிய ஒரு நல்ல வழிகாட்டுதல் இருக்கிறது. வெளி மெக்கானிக்கிடம் போனார் என்பதற்காக வாரன்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை கூடாது, வெளியில் செய்த தவறான வேலையால் எவ்வளவு சேதமோ அந்த அளவுக்கு மட்டும்தான் மறுக்கலாம் என்றது அந்த உத்தரவு. அதை எதிர்த்துக் கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள், அது வேறு கதை. ஆனால் சேதத்துக்கும் காரணத்துக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்ற அந்த நியாயத்தை நீங்கள் தாராளமாக எடுத்து வைக்கலாம்.

இனி எழுத்து வேலை. இதுவரை நடந்தது எல்லாம் போன் பேச்சு. போன் பேச்சில் சொன்ன 'வராது'வுக்கு நாளை யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். இன்றைக்கே டீலருக்கும் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் சேர்த்து ஒரே மின்னஞ்சல் அனுப்புங்கள். கோபம் வேண்டாம். ஏறக்குறைய இப்படி எழுதுங்கள்:

'ஜாப் கார்டு எண் இன்னது. என் வண்டி வாரன்டி காலத்துக்குள் எஞ்சின் பழுதாகி ஜூலை இன்ன தேதி முதல் உங்கள் ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறது. வாரன்டி மறுக்கப்படுவதாகப் போனில் சொன்னீர்கள். எந்தப் பாகம் எதனால் கெட்டது, வாரன்டியின் எந்த விதிப்படி மறுக்கிறீர்கள், அந்த முடிவை எடுத்தவர் யார் என்பதைக் கடிதமாகத் தாருங்கள். இந்தக் கிளெய்ம் கம்பெனிக்கு அனுப்பப்பட்டதா என்றும் சொல்லுங்கள். 20,100 கி.மீ. சர்வீஸில் ஆயில் ஃபில்டர் ஸ்டோரிலிருந்து எடுத்த பதிவின் நகலும், என் வண்டியின் முழு சர்வீஸ் வரலாறும், எஞ்சின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுக் குறியீடுகளின் பிரின்டும் வேண்டும். என் முன்னிலையிலும் கம்பெனி பிரதிநிதி முன்னிலையிலும் அல்லாமல் எஞ்சினைப் பிரிக்க நான் சம்மதிக்கவில்லை. கூட்டாகப் பரிசோதிக்க ஒரு தேதியைச் சொல்லுங்கள். உங்கள் முடிவுக்காகத்தான் வண்டி உங்களிடம் நிற்கிறது. ஆகவே பார்க்கிங் கட்டணத்துக்கு நான் பொறுப்பில்லை.'

வண்டி விட்ட அன்று நீங்கள் கையெழுத்திட்ட ஜாப் கார்டின் பின்பக்கத்தையும் ஒருமுறை படித்துவிடுங்கள். பார்க்கிங் கட்டணம் பற்றி அங்கே ஏதாவது சின்ன எழுத்தில் இருந்தால் எனக்கு எழுதுங்கள். அப்படியே இருந்தாலும், ரிப்பேர் முடிந்து எடுக்காமல் விட்ட வண்டியும் முடிவு சொல்லாமல் நிறுத்தி வைத்த வண்டியும் ஒன்றல்ல. எஞ்சினைப் பிரிக்கும் கூலியை முன்பணமாகக் கேட்டால், 'வாரன்டி இல்லை என்று நிரூபணமானால் தருகிறேன்' என்று எழுதிக் கொடுங்கள். அடம்பிடித்தால் கட்டலாம், ஆனால் ஆட்சேபத்தோடு கட்டுவதாக ரசீதிலேயே எழுத வேண்டும்.

பத்து நாளில் உருப்படியான பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். அது தீர்ப்பு சொல்லும் இடமல்ல. ஆனால் புகார் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்குப் போகும். டீலர் மேஜையில் முடங்கிய கிளெய்ம் ஏரியா மேனேஜர் கைக்குப் போக அதுவே சில சமயம் போதும்.

அதற்கும் அசையவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், டீலர் திருச்சியில் இருப்பதால் திருச்சிக்கு அலைய வேண்டாம். கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம்தான் விசாரிக்கும். 10 முதல் 20 லட்சம் வரையிலான விலைக்குக் கட்டணம் 400 ரூபாய். வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். இப்போது நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி தளத்தில் இணையம் வழியாகவே தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். ஆர்.சி. உங்கள் சொந்தப் பெயரில், சொந்த உபயோகத்துக்கு என்பதால் வணிக நோக்கம் என்ற தடையும் இல்லை. மூன்று மாதத்தில், பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிட நீளும், மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்.

டீலர், கம்பெனி இரண்டு பேரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும். இதில் தவறிவிடாதீர்கள். பேரிங் குறை என்றால் கம்பெனியின் வாரன்டி. ஃபில்டர் மாற்றவில்லை என்றால் டீலரின் சேவைக் குறைபாடு. ஒருவரை மட்டும் சேர்த்தால் அவர் அடுத்தவரைக் கைகாட்டிவிட்டு நழுவுவார். இரண்டு பேரும் ஒரே அறையில் இருந்தால்தான் உங்கள் எஞ்சின் யாரால் கெட்டது என்று அவர்களுக்குள்ளேயே வாதாட வேண்டி வரும்.

என்ன கேட்பது என்பதிலும் நிதானம் வேண்டும். கோபத்தில் பலர் 'புது வண்டி கொடு' என்று மனுப் போட்டு வழக்கைக் கெடுத்துக்கொள்கிறார்கள். 2006இல் மாருதி உத்யோக் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம், வாரன்டி கெட்ட பாகத்தை மாற்றத்தான், வண்டியையே மாற்ற அல்ல என்று சொல்லிவிட்டது. விதிவிலக்கு இருக்கிறது. விபத்தில் ஏர்பேக் விரியாத வழக்கு ஒன்றில் 2022 ஏப்ரலில் அதே நீதிமன்றம் ஹூண்டாய் நிறுவனத்தின் மேல்முறையீட்டைத் தள்ளி, வண்டியை மாற்றித் தரச் சொன்ன உத்தரவை உறுதி செய்தது. மோதலின் வேகத்தையும் விசையையும் கணக்குப் போட வாடிக்கையாளர் இயற்பியல் நிபுணராக இருக்க வேண்டியதில்லை என்று அந்தத் தீர்ப்பில் சொன்னார்கள். எனக்குப் பிடித்த தீர்ப்பு அது. ஆனால் அது உயிர் காக்கும் பாகம். உங்கள் வழக்கில் வாரன்டியில் எஞ்சினைச் சரிசெய்ய வேண்டும், வாடகைக் கார் செலவு, வண்டி நின்ற காலத்துக்கு வாரன்டி நீட்டிப்பு, மன உளைச்சலுக்கு நியாயமான ஒரு தொகை என்று கேளுங்கள். கோவைக்குப் போய்வந்த வாடகை ரசீதுகளை இன்றிலிருந்தாவது வாங்கி வையுங்கள். இ.எம்.ஐ.யை நிறுத்திவிடாதீர்கள். வங்கிக்கும் இந்தப் பழுதுக்கும் சம்பந்தமில்லை, உங்கள் கடன் மதிப்பெண்தான் அடிபடும்.

வழக்கு வரை போகாது என்பது என் எண்ணம். ஃபில்டர் பதிவைக் கேட்டு மின்னஞ்சல் போனதும் பேச்சின் தொனி மாறும். அப்போது 'குட்வில்' என்று ஒன்று வரும்: பாகத்தில் பாதி நாங்கள், பாதி நீங்கள். பரிசோதனை முடிவதற்கு முன் அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். பரிசோதனையில் உண்மையாகவே உங்கள் பக்கமும் கொஞ்சம் தவறு தெரிந்தால், பாகம் முழுவதும் அவர்கள், கூலியும் ஆயிலும் நீங்கள் என்ற அளவில் முடிப்பது மோசமில்லை. அந்த 4 கி.மீ.யை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன். கையெழுத்துக் கேட்கும் தாளில் இனி எந்த உரிமையும் கோரமாட்டேன் என்ற வரி இருந்தால், மாற்றிய பாகங்களுக்குப் புதிய வாரன்டியை எழுத்தில் வாங்காமல் கையெழுத்திடாதீர்கள்.

அப்பாவின் சிகிச்சைக்காக வண்டி உடனே வேண்டும், சொந்தப் பணத்தில் சரிசெய்துகொண்டு பிறகு வழக்காடுகிறேன் என்றால் அதுவும் ஒரு வழிதான். அப்போது ரிப்பேருக்கு முன்பே தகுதியுள்ள சுயேச்சையான இன்ஜினியர் ஒருவரின் எழுத்து அறிக்கை வேண்டும், பழைய பேரிங், ஸ்ட்ரெய்னர், ஃபில்டர் எல்லாம் சீல் வைத்து உங்கள் வீட்டுக்கு வர வேண்டும். நிபுணர் அறிக்கை இல்லாமல் உற்பத்திக் குறை என்று சொல்லிப் போகும் வழக்குகள் பெரும்பாலும் அங்கேதான் விழுகின்றன.

கூட்டுப் பரிசோதனைக்குத் தேதி கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள். மாதத்தில் இரண்டாவது வாரம் நான் சர்வே வேலையாகத் திருச்சியில் இருப்பேன். அந்த நாட்களில் வைத்துக்கொண்டால் சம்ப்பைக் கழற்றும்போது நானும் வந்து நிற்கிறேன். பாட்டில்களும் சீல் ஒட்டும் தாளும் நான் கொண்டுவருகிறேன்.

அன்புடன்.